நம்ம ஆள் ஒருத்தர் மேலே போயிட்டா போதுமா?

(தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சில பகுதிகளும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.)



எனக்குக் கொடுத்திருக்கிறது இருபது நிமிஷம். சாப்பாட்டுக்கு முன்னாடி பேசுறவன் நிலைமை என்னன்னு உங்களுக்கே தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம பக்கத்தில் கல்வி பற்றி எந்தப் பதிவு போட்டாலும் கீழே ஒரு ஃபார்வர்டு வந்து விழும், கவனிச்சிருப்பீங்க. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கொல்லன் மகன் இங்கிலாந்தையே ஆண்டான், அவன் சலுகை கேட்டானா, திறமை இருந்தா யாரும் வரலாம்... இதுதான் அதோட சாரம். அந்தக் கொல்லன் மகன் பெயர் தாமஸ் கிராம்வெல். தகவல் பொய் இல்ல. லண்டன் பக்கத்தில் பட்னி என்று ஓர் ஊர். அப்பா அங்கே கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார், பீர் காய்ச்சியும் விற்றார். மகன் எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் ஆனார். ஃபார்வர்டில் ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு: 1540 ஜூலை 28-ஆம் தேதி அதே மன்னர் அவர் தலையை வெட்ட வைத்தார். முறையான விசாரணைகூடக் கிடையாது.

இதற்கு பதில் எழுதணும்னு உட்கார்ந்தேன். நான் படிச்சது மெக்கானிக்கல். வரலாறு பத்தாம் வகுப்போட முடிஞ்சுபோன ஆள். பத்து நிமிஷத்தில் முடிச்சுடலாம்னு நினைச்சுத் தேடப் போனவன், கிராம்வெல்லுக்கு முந்தைய இருநூறு வருஷத்துக்குள்ளே மாட்டிக்கிட்டேன். ஏன்னா கிராம்வெல் முதல் ஆள் இல்லை. அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கிலாந்து அரசாங்கத்தில் உழவன் வீட்டுப் பிள்ளை, வியாபாரி வீட்டுப் பிள்ளை எல்லாம் ஏறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எப்படி ஏறினார்கள், ஏறினபிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

முதலில் ஏணி என்ன என்று பார்ப்போம். படை கையில் இருப்பவன் பிரபு. நிலம் கையில் இருப்பவன் பிரபு. இரண்டும் இல்லாதவனுக்கு இருந்த ஒரே வழி எழுத்து. மன்னர் ஆட்சி என்றால் வாள், குதிரை என்று சினிமாவில் பார்க்கிறோம். நிஜத்தில் அது தோல் சுருள்களில் நடந்த ஆட்சி. வரி வசூலா, எழுது. நில மானியமா, எழுது. பிரான்சுக்குப் படை போகிறதா, எத்தனை வில், எத்தனை அம்பு, எழுது. எழுதத் தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் திருச்சபையில் படித்தவர்கள். நாம் இன்றைக்கு ஆபீஸில் 'கிளார்க்' என்கிறோமே, அந்தச் சொல்லும் பாதிரிமாரைக் குறிக்கும் 'கிளெர்ஜி' என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. படித்தவன் என்றால் சாமியார் என்றே ஒரு காலம் இருந்தது.

மன்னருக்கும் இந்த ஆட்களைப் பிடிக்கும். காரணம் கருணை இல்லை, கணக்கு. பாதிரிக்குச் சம்பளத்தைக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு தேவாலய வருமானத்தை எழுதிக் கொடுத்தால் போதும். அவருக்கு முறைப்படி மனைவி, வாரிசு இல்லை. அதனால் பதவியைப் பிள்ளைக்குக் கேட்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிரபுவைப் பதவியிலிருந்து நீக்கினால் அவன் கோட்டைக்குப் போய் படை திரட்டுவான். உழவன் மகனை நீக்கினால் அவன் எங்கே போவான்? மன்னரை விட்டால் அவனுக்கு நாதி இல்லை. இதை மனசில் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த ஏணியில் ஏறியவர்களில் பெரிய பெயர் விக்கம் ஊர் வில்லியம். 1324-ல் பிறந்தவர். ஹாம்ப்ஷயரில் விக்கம் என்று ஒரு சின்ன ஊர். அப்பா ஜான் லாங் சாதாரணக் குடியானவர். வில்லியம் பல்கலைக்கழக வாசலையே மிதிக்கவில்லை. 1356-ல் விண்ட்சர் கோட்டையின் கட்டுமான வேலையை மேற்பார்க்கப் போட்டார்கள். நம்ம ஊர் கணக்கில் சைட் இன்ஜினீயர்னு வச்சுக்கலாம் (இந்த இடத்தில் சிவில் படிச்ச தோழர்கள் கை தட்டலாம்). கல்லையும் கூலியையும் கணக்கு பிசகாமல் நடத்தினார். மன்னர் மூன்றாம் எட்வர்டின் கண்ணில் பட்டார். 1363-ல் மன்னரின் தனி முத்திரை அவர் பொறுப்புக்கு வந்தது. 1367-ல் வின்செஸ்டர் பிஷப், அதே ஆண்டு சான்சலர். சான்சலர் என்பது மன்னரின் பெரிய முத்திரையைக் கையில் வைத்திருக்கும் பதவி. மன்னருக்கு அடுத்தபடி நிர்வாகத்தில் எல்லாம் அவர்தான். கட்டட மேற்பார்வையாளர் 11 வருஷத்தில் அங்கே போய் உட்கார்ந்தார்.

ஆனால் நான் அவரை மதிப்பது பதவிக்காக இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 1379-ல் நியூ காலேஜ், வின்செஸ்டரில் 1382-ல் ஒரு பள்ளி, இரண்டையும் அவர் நிறுவினார். ஒவ்வொன்றிலும் 70 மாணவர்கள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு என்று சாசனத்திலேயே எழுதினார். தனக்குக் கிடைக்காத பல்கலைக்கழகத்தை அடுத்தவனுக்குத் திறந்தார். கூடவே இன்னொரு விதியையும் எழுதினார்: என் குடும்ப வழியில் வருகிறவர்களுக்கு முன்னுரிமை. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 'நான் நிறுவனரின் சொந்தக்காரன்' என்று சொல்லி இடம் வாங்குவது 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நடந்தது! மனுஷன் நல்லவர்தான். ஆனாலும் கதவைத் திறக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்னக் கதவை வீட்டாருக்கு மட்டும் வைத்துவிட்டார்.

இதே காலத்தில் மொழி விஷயத்திலும் ஒன்று நடந்தது. மக்கள் பேசியது ஆங்கிலம். நீதிமன்றம் பேசியது பிரெஞ்சு. வழக்கு போட்டவனுக்குத் தன் வழக்கறிஞர் தனக்காக வாதாடுகிறாரா, தனக்கு எதிராக வாதாடுகிறாரா என்பதே புரியாது. 1362-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: நாட்டில் பிரெஞ்சு பலருக்குத் தெரியவில்லை, ஆகவே இனி வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிடப்பட வேண்டும், பதிவுகள் மட்டும் லத்தீனில் இருக்கட்டும். நல்ல சட்டம். அந்தச் சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள் தெரியுமா? பிரெஞ்சில்! வக்கீல்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தங்கள் பிரெஞ்சை விடவில்லை. புரியாத மொழி ஒரு தொழில் ரகசியம், அதை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சரி, ஏணி இருந்தது, சிலர் ஏறினார்கள். 'நம்ம வீட்டுப் பிள்ளை மேலே இருக்கிறான்' என்பதால் கீழே இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது?

சைமன் சட்பரி என்று ஒருவர். சட்பரி என்கிற வியாபார ஊரில் ஒரு வணிகரின் மகன். படித்து, பாதிரியாகி, கான்டர்பரி பேராயர் ஆகி, 1380-ல் சான்சலரும் ஆனார். அந்த ஆண்டு கடைசியில் நாடாளுமன்றம் கூடியது. பிரான்சுடன் போர், கஜானா காலி. ஒரு தலைவரி போட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு ஷில்லிங். கூலிக்காரனுக்குச் சில நாள் உழைப்பு அது. இதற்கு முந்தின வருஷம், 1379-ல், இப்படி இல்லை. அப்போது போட்ட தலைவரியில் படிநிலை இருந்தது: பெரிய பிரபுவுக்கு 6 பவுண்டுக்கு மேல், சாதாரண ஆளுக்கு 4 பென்ஸ். 1380-ல் அந்தப் படிநிலையைத் தூக்கிவிட்டார்கள். ஊரில் வசதியானவர் இல்லாதவருக்கு உதவட்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வசதியானவரே இல்லாத ஊரில் யார் யாருக்கு உதவுவது?

1381 ஜூனில் கென்ட், எசெக்ஸ் மக்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். சான்சலர் சட்பரியையும் கருவூலத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸையும் கோபுரக் கோட்டையிலிருந்து வெளியே இழுத்து வந்து தலையை வெட்டினார்கள். சட்பரியின் மண்டையோடு இன்றைக்கும் அவர் சொந்த ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. சும்மா ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் யாராவது, 'இவர் பிரபு இல்லப்பா, வியாபாரி மகன்தான், நம்ம ஆளு' என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பார்களா?

அந்தக் கலகக்காரர்கள் ஊர் ஊராகப் போய் எதைத் தேடித்தேடி எரித்தார்கள் தெரியுமா? பண்ணையார் நீதிமன்றப் பதிவேடுகளை. நீ அடிமை, உன் அப்பன் அடிமை என்று எழுதி வைத்திருந்தது அங்கேதான். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழக ஆவணங்களையே சந்தையில் போட்டுக் கொளுத்தினார்கள். படிப்பையே வெறுத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோணல. அவன் கண்ட எழுத்தெல்லாம் அவனைக் கட்டிப்போட்ட எழுத்து. வேறு என்ன செய்வான்?

இப்போ நான் ரொம்ப நேரம் யோசிச்ச இடத்துக்கு வர்றேன்.

1391. கலகம் நடந்து பத்து வருஷம். நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை, அதாவது பிரபுக்கள் அல்லாதவர்கள் உட்காரும் சபை, மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் ஒரு மனு கொடுக்கிறது. என்ன மனு? பண்ணையடிமைகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தடை போடுங்கள். படித்து, பாதிரியாகி, அந்த வழியில் அவர்கள் முன்னேறக் கூடாது. காரணமாகச் சொன்னது சுதந்திர மனிதர்களின் கௌரவம்.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. இந்த மனுவை எழுதியது மன்னர் இல்லை, பிரபுக்கள் சபை இல்லை. காமன்ஸ். அடிமைக்கு ஒரே ஒரு படி மேலே நின்றவர்களும் அதில் உண்டு. ஒரு படி மேலே நிற்பவனுக்குத்தான் கீழ்ப் படியைப் பார்த்தால் பயம். மன்னர் அந்த மனுவை ஏற்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். படித்த, நாதியில்லாத ஆட்கள் அவருக்குத் தேவை. முன்னாடி மனசில் வச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான்.

பதினைந்து வருஷம் கழித்து, 1406. இப்போது மன்னர் நான்காம் ஹென்றி. ஒரு சட்டம் வருகிறது. 1348-49 கொள்ளை நோயில் மக்கள்தொகை பயங்கரமாகச் செத்துப்போன நாடு அது. அதன்பிறகு வயலுக்கு ஆள் கிடைப்பதே பாடு. கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குத் தொழில் பழக ஓடுகிறார்கள். அதைத் தடுக்க, ஆண்டுக்கு 20 ஷில்லிங் நில வருமானம் இல்லாதவன் தன் பிள்ளையை நகரத்தில் தொழில் பழகச் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம். ஏழை பிள்ளை ஏர் பிடிக்கட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். கொடுமையான சட்டம்தான். ஆனால் அதே சட்டத்துக்குள் ஒரு விலக்கு. ஆணோ பெண்ணோ, எந்த நிலையில் இருப்பவரானாலும் சரி, தன் மகனையோ மகளையோ நாட்டில் தனக்குப் பிடித்த எந்தப் பள்ளிக்கும் கல்வி கற்க அனுப்பலாம்.

நான் இதைப் படிச்சப்போ ராத்திரி ஒரு மணி. மகளையோ என்பதை இரண்டு தடவை படிச்சேன். 1406-ல்! அத்தனை பள்ளியும் பெண்ணுக்குத் திறந்திருந்ததா என்றால் இல்லை. பணம் இல்லாதவனுக்கு அனுமதி மட்டும் கிடைத்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கலாம். கேளுங்க. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் 'அனுப்பக் கூடாது' என்று மனு போட்ட அதே நாட்டில் 'அனுப்பலாம்' என்று சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. விக்கம் ஊர் வில்லியம் மேலே போனது ஒரு ஆளின் கதை. அவர் 1404-ல் இறந்தார், அந்தப் பதவிக்கதை அதோடு முடிந்தது. 1406-ல் எழுதிய இந்த வரி, ஊர் பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு.

அந்த வரியின் காலத்தை ஒட்டியே வாழ்ந்த ஒரு குடும்பம் இருக்கிறது. பாஸ்டன் குடும்பம். அமெரிக்காவில் இருக்கிற பாஸ்டன் இல்லை. நார்ஃபோக்கில் கடலோரமாக ஒரு கிராமம். இவர்கள் வீட்டுக் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் தப்பிப் பிழைத்திருக்கின்றன. மாமியார் சண்டை, துணி அளவு, கோர்ட் செலவு எல்லாம் அதில் இருக்கும். நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை அறுநூறு வருஷம் கழித்து யாராவது படித்தால் எப்படி இருக்கும், அதுமாதிரி.

குடும்பத்தின் தொடக்கம் கிளெமென்ட் பாஸ்டன். அவரைப் பற்றி அந்தக் குடும்பத்தின் எதிரிகள் எழுதி வைத்த ஒரு குறிப்பு இருக்கிறது. மட்டம் தட்டுவதற்காக எழுதியது. அதில் என்ன சொல்கிறார்கள்? கோடையிலும் குளிரிலும் அவர் தானே ஏர் ஓட்டினார். சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டைமேல் உட்கார்ந்து மாவு மில்லுக்குப் போவார், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து திரும்பி வருவார். நிலம் மிஞ்சிப்போனால் 120 ஏக்கர், அதிலும் பெரும்பகுதி அடிமை நிலம். மனைவியே அடிமைக் குடும்பம். கடைசியாக, மகன் வில்லியமைப் படிக்க வைக்கப் பல தடவை கடன் வாங்கினார்.

கேவலப்படுத்த எழுதினது. எனக்கு அதைப் படிக்கும்போது அப்படி இருக்கல. பிள்ளை ஃபீஸுக்குக் கடன் வாங்கின அப்பாக்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் வீட்டில் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டையும் சேர்த்து.

மனைவியின் அண்ணன், தம்பி யாரோ ஒருவர் வழக்கறிஞர், அவர் கைகொடுத்தார். மருமகனுக்குத் தாய்மாமன், நம்ம ஊர் மாதிரியே! வில்லியம் சட்டம் படித்தார். 1429-ல் மன்னரின் பொது வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார். மூட்டைமேல் உட்கார்ந்து போனவரின் மகன் நீதிபதி நாற்காலியில். நிலம் வாங்கினார், வசதியான வீட்டில் பெண் எடுத்தார். அவர் மகன் ஜான் கேம்பிரிட்ஜில் படித்து அவரும் வழக்கறிஞர். ஜானின் கடைசிக்கு நெருங்கின பிள்ளை ஒருவன் ஈட்டன் பள்ளியில்.

அதே 1429-ல் கூடிய நாடாளுமன்றம் இன்னொரு காரியமும் செய்தது. அதுவரை கவுண்டித் தேர்தலில் வந்தவர் எல்லாம் குரல் கொடுக்கலாம் என்று ஒரு பழக்கம் இருந்தது. இப்போது சட்டம் சொல்கிறது: அளவுக்கு மீறிக் கூட்டம் வருகிறது, வருகிறவர்கள் சொற்ப உடைமைக்காரர்கள், மதிப்பில்லாதவர்கள், ஒவ்வொருவனும் தன் குரல் பெரிய வீரப் பிரபுவின் குரலுக்குச் சமம் என்று நினைக்கிறான், ஆகவே இனி ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவனுக்கு மட்டுமே ஓட்டு. அடிமை நிலம் இந்தக் கணக்கில் வராது. எதிரிகள் எழுதியது உண்மையானால், கிளெமென்ட் பாஸ்டன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு ஓட்டு இருந்திருக்குமா என்பதே சந்தேகம். மகன் நீதிபதி, அப்பாவுக்கு ஓட்டு இல்லை. 1445-ல் அடுத்த பூட்டு: கவுண்டி உறுப்பினராக நிற்க நல்ல குடியில் பிறந்தவராக இருக்க வேண்டும், உழுகிற குடியானவன் தரத்தில் உள்ளவனோ அதற்குக் கீழே உள்ளவனோ கூடாது. 40 ஷில்லிங் கோடு 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை நின்றது. நானூறு வருஷம்!

அப்போ 'திறமை இருந்தா யாரும் வரலாம்' ஃபார்வர்டுக்கு என் பதில் இங்கேதான் இருக்கு. வில்லியம் பாஸ்டன் வந்தார். ஆமாம். அவர் வந்த அதே வருஷம் அவர் அப்பா மாதிரி ஆயிரக்கணக்கானவர்களின் ஓட்டு போச்சு. முதலாவதை வைத்து இரண்டாவதை மறைக்காதீங்க.

பாஸ்டன் வீட்டுக்கே திரும்புவோம். பெரும் பணக்காரர் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் 1459-ல் வாரிசு இல்லாமல் இறந்தபோது, கெய்ஸ்டர் கோட்டை உட்பட அவர் சொத்து ஜான் பாஸ்டனுக்கு என்று உயில். பிரபுக்கள் விடுவார்களா? வழக்கு, அடிதடி, சிறை. அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்றையும் எடுத்தார்கள்: இந்தக் குடும்பமே அடிமைக் குடும்பம். அடிமை என்று நிரூபித்துவிட்டால் சொத்தே கைவிட்டுப் போகும். பாஸ்டன்கள் என்ன செய்தார்கள்? 'ஆமாம், எங்க தாத்தா ஏர் ஓட்டினார், அதுல என்ன தப்பு' என்று கேட்டார்களா? இல்லை. நார்மன் காலத்திலிருந்தே நாங்கள் உயர்குடி என்று ஒரு வம்சாவளியை ஜோடித்துக் காட்டினார்கள். 1466-ல் மன்னர் நான்காம் எட்வர்டு அதை ஒப்புக்கொண்டு, இவர்கள் கனவான்களே என்று அறிவித்தார். கிளெமென்ட்டின் மாவு மூட்டை ஆவணத்திலிருந்து அழிந்துபோனது. எதிரிகள் எழுதி வைக்காவிட்டால் நமக்கு அவரைத் தெரிந்தே இருக்காது.

அவர்களை நான் திட்டல. அந்த நிலைமையில் நானும் அதையேதான் செய்திருப்பேன்னு நினைக்கிறேன். ஆனால் 1469-ல் நடந்ததை மன்னிக்க முடியல.

ஜானின் மகள் மார்ஜரி. வீட்டுக் கணக்கும் நிலமும் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தர் ரிச்சர்டு காலைக் காதலித்தாள். அவர் ஃப்ராம்லிங்கம் ஊரில் கடை வைத்திருந்த குடும்பம். இரண்டு பேரும் ரகசியமாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலச் சட்டப்படி அந்த வாய்வார்த்தையே கல்யாணம். விஷயம் தெரிந்ததும் வீடு கொதித்தது. அண்ணன் ஒருவன் எழுதுகிறான்: என் தங்கை ஃப்ராம்லிங்கத்தில் மெழுகுவத்தியும் கடுகும் விற்பதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். கிளெமென்ட் இறந்தது 1419. சரியா ஐம்பது வருஷம். மாவு மூட்டைமேல் போனவரின் கொள்ளுப்பேரனுக்குக் கடுகு மூட்டை அசிங்கமாகிவிட்டது.

நார்விச் பிஷப்பிடம் விவகாரம் போனது. மார்ஜரியைத் தனியாக நிறுத்தி, என்ன வார்த்தை சொன்னாய் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அது போதாது என்றால் போதுமானபடி இங்கேயே இப்போதே சொல்கிறேன் என்றாள். காலையும் தனியாக விசாரித்தார். இரண்டும் ஒத்துப்போனது. கல்யாணம் செல்லும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியவளை அம்மா மார்கரெட் உள்ளே விடவில்லை. காலை மட்டும் கொஞ்சநாளில் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த ஆள் இல்லாமல் கணக்கு ஓடாது. உழைப்பு வேண்டும், உறவு வேண்டாம். பல வருஷம் கழித்து மார்கரெட் தன் உயிலில் மார்ஜரியின் மூத்த மகனுக்கு 20 பவுண்டு எழுதி வைத்தார். அதுவரைக்கும் மனசு வந்தது.

இந்தப் பாஸ்டன்களின் ஹெல்ஸ்டன் வீட்டை 1465-ல் ஆள் வைத்து இடித்துச் சூறையாடியது சஃபோக் பிரபு. அவர் என்ன ஆதிகாலப் பிரபுவா? அப்பா வழியில் ஹல் துறைமுகத்துக் கம்பளி வியாபாரி வம்சம். மன்னருக்குக் கடன் கொடுத்து மேலே வந்தவர்கள். அம்மா ஆலிஸ் சாசர். கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. ஜெஃப்ரியின் அப்பா லண்டனில் ஒயின் வியாபாரி. ஜெஃப்ரி 1374-ல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கர். கணக்கைச் சொந்தக் கையால் எழுத வேண்டும் என்பது வேலை நிபந்தனை. அவர் மகன் தாமஸ் காமன்ஸ் சபைக்கு ஐந்து முறை சபாநாயகர். அடுத்த தலைமுறை பிரபுவின் மனைவி. கம்பளிக்கடை, ஒயின்கடை வாரிசு சேர்ந்து ஏர் ஓட்டியவர் வாரிசின் வீட்டை இடித்த கதை இது. எல்லோருமே 'நம்ம ஆள்'தான் தோழர்களே!

முடிக்கப்போறேன். கடைசியா ஒருத்தர். இவர் மேலே போகவே இல்லை.

தாமஸ் ஹாக்லீவ். தனி முத்திரை அலுவலகத்தில் எழுத்தர். 1387 வாக்கில் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் அதே மேசை. கவிதையும் எழுதுவார், அதில் வேலையைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். குனிந்து குனிந்து முதுகு போச்சு, வயிறு போச்சு, கண் போச்சு. மற்றவர்கள் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் வேலை செய்யலாம். எழுதுகிறவன் வாயைத் திறந்தால் பிழை வந்துவிடும். திருச்சபையில் ஒரு வருமானம் கிடைக்கும் என்று காத்திருந்தார், கிடைக்கவில்லை, கல்யாணம் செய்துகொண்டார். 1399-ல் ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகை அறிவித்தார்கள். அறிவித்தார்கள், அவ்வளவுதான், அது நேரத்துக்கு வந்ததே இல்லை. ஏதாவது பிரபுவின் ஆள் ஒரு வேலையோடு வருவான், கட்டணம் எதற்கு, எங்கள் துரையிடம் உன்னைப் பற்றிச் சொல்கிறேன் என்பான். துரையிடம் போய் எழுத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்று பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வான். எழுத்தர் கேட்கவும் முடியாது. நான் மேலே சொன்ன மாதிரி ஆட்களுக்கு நியமன உத்தரவு, மானியக் கடிதம் எழுதுவதெல்லாம் இந்த மாதிரி மேசைகளில்தான்.

கடைசிக் காலத்தில் ஹாக்லீவ் ஒரு வேலை செய்தார். எந்த வகை மனுவுக்கு எப்படிக் கடிதம் எழுதவேண்டும், எந்த உத்தரவுக்கு என்ன வாசகம் என்று நூற்றுக்கணக்கான மாதிரிக் கடிதங்களைப் பிரெஞ்சிலும் லத்தீனிலும் தன் கையாலேயே எழுதித் தொகுத்து வைத்தார். அவர் 1426-ல் இறந்தார். புதிதாக வேலைக்கு வரும் பையன் எடுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளும்படி இருக்கும் அந்தப் புத்தகம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சாப்பாடு தயார்னு பின்னாடி இருந்து கை காட்டுறாங்க.